புதிய வண்டி, பழைய கை

அக்கா மகன் பைக் ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. 125 சிசி வண்டி. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, அடுத்து 600 சிசி வாங்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றான். முடிவை எடுத்துவிட்டு என் சம்மதத்துக்காகக் கேட்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வா, ஒன்று பார்க்க வேண்டும்" என்றேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய தார்த்தளம் ஒன்றுக்குப் போனோம். மணலோ எண்ணெய்க் கறையோ கிடக்கிறதா என்று முழுவதும் நடந்து பார்த்துவிட்டு, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். "40 கிலோமீட்டர் வேகத்தில் வா. முன் சக்கரம் இந்தக் கோட்டைத் தொடும் வரை பிரேக்கைத் தொடாதே. தொட்டதும் எவ்வளவு சீக்கிரம் நிற்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நில்."

40 அவனுக்கு ஒரு வேகமே அல்ல. சிரித்துக்கொண்டே போனான், வந்தான், கோட்டைத் தொட்டான். பின் பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின் சக்கரம் கிறீச்சிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு நாடாவை விரித்தேன். 16 மீட்டர்.

"முன் பிரேக்கைப் பிடித்தாயா?"

"லேசாகப் பிடித்தேன் மாமா. அழுத்திப் பிடித்தால் வண்டி தலைகுப்புறத் தூக்கிவிடும் என்று சொல்வார்களே."

எட்டு மாதத்தில் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறான். மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கிறான். நாள் முழுவதும் பெய்த மழையில் வீடு திரும்பியிருக்கிறான். ஆனால் அந்த வண்டியில் இருப்பதிலேயே வலுவான பிரேக்கை ஒரு முறைகூட முழுதாகப் பிடித்துப் பார்த்ததில்லை.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கேதான் நின்றேன். என் முதல் வண்டியும் 125 சிசிதான். முன்னும் பின்னும் டிரம் பிரேக். அது நிற்க வேண்டுமென்றால் லிவரை நான்கு விரல்களாலும் இறுக்க வேண்டும். பத்து மாதத்தில் அந்த இறுக்கம் என் வலது கையில் ஊறிவிட்டது. நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பும் வந்துவிட்டது. அந்த வண்டியை விற்று, இரட்டைச் சிலிண்டர் கொண்ட பழைய 650 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். முன்னால் இரண்டு டிஸ்க் பிரேக். சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் கருவி கிடையாது. முந்தைய வண்டியைப் போல ஆறு மடங்கு குதிரைத்திறன்.

வாங்கிய பன்னிரண்டாம் நாள் ஒரு சந்திப்பை நெருங்கிக்கொண்டிருந்தேன். வேகம் 45-க்கு மேல் இருக்காது. எதிரே வந்த கார் என் பாதையைக் குறுக்கிட்டுத் திரும்பியது. என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. நான்கு விரலாலும் ஒரே பிடி. டிரம் பிரேக்குக்கு அது பொருத்தமான பிடி. இரட்டை டிஸ்க்குக்கு அது அறை. முன் சக்கரம் சுழல்வதை நிறுத்தியது, வண்டி என் காலடியிலிருந்து உருவப்பட்டதைப் போலச் சரிந்தது. கார் என்னைத் தொடவே இல்லை. அது நின்ற இடத்துக்கு நாலைந்து மீட்டர் முன்பாகவே நான் தரையில் கிடந்தேன், காறை எலும்பு முறிந்து.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அவ்வளவு சக்தி வாய்ந்த வண்டி உனக்கு எதற்கு?" அன்பால் சொன்னார்கள். ஆனால் அந்தச் சக்தியில் ஒரு துளியைக்கூட அந்த நொடியில் நான் பயன்படுத்தவில்லை. ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. புதிய வண்டியில் பழைய கையோடு உட்கார்ந்திருந்தேன். நான் விழுந்ததற்குக் காரணம் அதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

புரிய வைத்ததில் ஹர்ட் அறிக்கைக்குப் பங்கு உண்டு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹாரி ஹர்ட், தானும் பைக் ஓட்டுபவர். அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறத்தாழ 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. கூடவே 3,600 காவல்துறை விபத்துப் பதிவுகளையும் அலசியது. அறிக்கை 1981-இல் வெளிவந்தது. அதில் ஒரு வரியில் நான் என்னையே பார்த்தேன். விபத்துக்குள்ளானவர்களில் பாதிப் பேருக்கு மேல், விபத்து நடந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லாதவர்கள். ஆனால் அவர்களுடைய மொத்தச் சாலை அனுபவமோ ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். மூன்று ஆண்டு சாலையில் இருந்தவர்கள், வண்டிக்குப் புதியவர்கள்.

அந்த அறிக்கையில் வேறு சில செய்திகளும் என் விபத்தை அப்படியே விவரிப்பவை. வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கிட்டதால் நேர்ந்தவை. ஆபத்து தெரிந்த பிறகு ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் பலரும் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. விலகி ஒதுங்கும் திறமை அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆபத்து தெரிவதற்கு முன் அவர்கள் போய்க்கொண்டிருந்த வேகத்தின் இடைநிலை அளவு மணிக்கு 48 கிலோமீட்டர்தான். என் அக்கா மகன் சிரித்த வேகத்துக்குக் கொஞ்சம் மேலே.

பெரிய வண்டிகளைப் பற்றியும் அறிக்கை பேசுகிறது, இதை மறைத்துவிட்டு என் கட்சியை மட்டும் பேசக்கூடாது. அதிக சிசி வண்டிகள் சாலையில் இருந்த விகிதத்தைவிடக் குறைவாகவே விபத்துகளில் சிக்கின. ஆனால் சிக்கியபோது காயம் கடுமையாக இருந்தது. பெரிய வண்டி வைத்திருப்பவர் வயதில் மூத்தவராக, பழகியவராக இருப்பதும் முதல் செய்திக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எந்தவகைப் பெரிய வண்டி என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பந்தய வண்டியை அப்படியே சாலைக்குக் கொண்டுவந்த சூப்பர்ஸ்போர்ட் வகை வண்டிகளின் ஓட்டுநர் இறப்பு விகிதம், பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது, மற்ற வகைகளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

தார்த்தளத்துக்கு வருவோம். தலைகுப்புறத் தூக்கிவிடும் என்ற பயத்தை முதலில் போக்க வேண்டியிருந்தது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன் சக்கரத்தின் மேல் சாய்கின்றன. பின் சக்கரம் இலேசாகிறது, அதனால்தான் அது சீக்கிரம் சறுக்குகிறது. முன் டயரோ தரையில் அழுந்தி, அழுந்த அழுந்த இன்னும் இறுகப் பற்றுகிறது. உலர்ந்த சாலையில் நிறுத்தும் வேலையில் முக்கால் பங்கை முன் சக்கரமே செய்யும். ஆனால் அந்த எடை முன்னால் வந்து சேர ஒரு கண நேரம் பிடிக்கிறது. அது வருவதற்கு முன் லிவரை அறைந்தால், அழுந்தாத டயரின் மேல் முழு பிரேக்கும் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான் விழுந்தது அப்படித்தான். முதலில் லிவரைத் தொட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமிழ்வதை உணர்ந்து, பிறகு கூட்டிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல என்று எனக்கு ஒருவர் சொன்னார். அதைவிட நல்ல உவமை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஐந்தாறு முறை வந்தான். 14, 13, மறுபடியும் 15, பிறகு 12.

இளைப்பாற உட்கார்ந்தபோது, "சரி, 600 என்றாயே, எந்த 600?" என்று கேட்டேன். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவே. ராயல் என்ஃபீல்டின் இரட்டைச் சிலிண்டர் 650, 648 சிசி கொண்டது. அதன் திறன் 47 குதிரைத்திறன். கவாசாகியின் நிஞ்சா இசட்எக்ஸ்-6ஆர் நான்கு சிலிண்டர் வண்டி, 636 சிசி. அதன் திறன் 120-ஐத் தாண்டுகிறது. 12 சிசி குறைந்த வண்டியில் இரண்டரை மடங்கு திறன். முதலாவது, முறுக்கிய அளவுக்கு இழுக்கும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ஏறக்குறைய ஒரே குணம். இரண்டாவது, கீழ்ச் சுற்றுகளில் சாதுவாக நகரும். எஞ்சின் சுற்று நிமிடத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்கும்போது அது வேறொரு வண்டி. முதல் கியரிலேயே 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். புதிதாக ஓட்டுபவரை ஏமாற்றுவது அந்தச் சாதுவான பகுதிதான். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, "இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம்" என்று நினைக்க வைக்கும்.

இதனால்தான் உரிமச் சட்டங்கள் பலவும் சிசியை மட்டும் நம்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, இடைநிலை உரிமம் வைத்திருப்பவர் 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன் வரைதான் ஓட்டலாம். ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அதில் இரண்டு ஆண்டு கழித்த பிறகே, தேர்வோ பயிற்சியோ முடித்து, எல்லையற்ற உரிமத்துக்குப் போக முடியும். 24 வயதானவர்களுக்கு மட்டும் நேரடி வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கு 660 சிசி என்ற வரம்போடு, ஒரு டன் எடைக்கு 150 கிலோவாட் என்ற வரம்பும் சேர்ந்தே வருகிறது. ஜப்பானில் பெரிய வண்டிக்கான எல்லை சிசியில்தான் இருக்கிறது. அங்கே 400-க்கு மேல் போக வேறு உரிமம் வேண்டும். தன் நாட்டில் இப்படி ஒரு படிக்கட்டு இல்லாதவர், அதைத் தனக்குத்தானே கட்டிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 47 என்பது மோசமான எண் அல்ல. அந்தத் திறனில் சுமை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் போகலாம்.

"ஆனால் மாமா, இப்போது வரும் வண்டிகளில் ஏபிஎஸ் இருக்கிறதே. நீங்கள் விழுந்ததுபோல விழ முடியாதே" என்றான்.

நியாயமான கேள்வி. பைக்கில் ஏபிஎஸ் முதன்முதலாக 1988-இல் பிஎம்டபிள்யூவின் கே100 வரிசையில் வந்தது; ஹர்ட் ஆராய்ந்த வண்டிகள் எதிலும் அது இல்லை. அன்று என் வண்டியில் அது இருந்திருந்தால் எலும்பு முறிந்திருக்காது. ஏபிஎஸ் இல்லாத வண்டியைப் புதியவர் எவருக்கும் நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன். ஆனாலும் சக்கரம் பூட்டாமல் காப்பதுதான் அதன் வேலை. லிவரை நமக்காக அது அழுத்தாது. 16 மீட்டரில் நின்றவனுடைய முன் சக்கரம் பூட்டும் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. முன் பிரேக்கை நம்பாத கைக்கு அந்தக் கருவியால் எந்தப் பயனும் இல்லை. வளைவில் சாய்ந்திருக்கும்போதோ, சாய்வை உணரும் வகை ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதற்கும் எல்லை உண்டு.

வேகத்தைப் பற்றி அவனுக்கு ஒரு கணக்கைத் தரையிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். நல்ல சாலை, நல்ல டயர், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டால், 60-இல் வருபவர் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்பார். 90-இல் வருபவருக்கு 40 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. இருவரும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் நின்று காலை ஊன்றும் அந்தப் புள்ளியில், இரண்டாமவரின் வேகம் என்ன? 30 மிச்சம் இருக்கும் என்றுதான் மனம் சொல்லும். 67 இருக்கும். அவன் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சக்தி வாய்ந்த வண்டி செய்வது இதைத்தான்: 60-க்கும் 90-க்கும் நடுவே 125 சிசி வண்டியில் நீண்டு கிடந்த நேரத்தை, இரண்டு மூன்று நொடியாகச் சுருக்கிவிடுகிறது. ஓட்டுபவர் தவறு செய்ய நினைப்பதில்லை. தவறுக்குள் போய்விட்டோம் என்று தெரிவதற்குள் போய்விடுகிறார்.

சிறிய வண்டியின் நல்ல குணத்திலேயே ஒரு தீங்கு ஒளிந்திருப்பதையும் சொல்ல வேண்டும். அது மன்னிக்கும். வளைவின் நடுவே ஒரு மேடு தட்டி மணிக்கட்டு ஆக்சிலேட்டரை அரை அங்குலம் முறுக்கிவிட்டால், 11 குதிரைத்திறன் வண்டியில் சத்தம் கொஞ்சம் கூடும். அதே அரை அங்குலம் 100 குதிரைத்திறன் வண்டியில் பின் சக்கரத்தை வழுக்கவோ முன் சக்கரத்தை எழுப்பவோ போதும். வண்டி பாய்ந்ததும் உடல் பின்னால் சாய்கிறது, கைப்பிடியைப் பற்றியிருக்கும் கையும் கூடவே பின்னால் போகிறது, ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது. பயந்து இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வண்டி இன்னும் பாய்கிறது. கையால் தொங்காமல் தொடையால் டேங்க்கைக் கவ்வி உட்காரும் பழக்கம் இருந்தால் இந்தச் சங்கிலி தொடங்காது. சிறிய வண்டியில் கையால் தொங்கிக்கொண்டே பல ஆண்டு ஓட்டலாம். ஒன்றும் ஆகாது, அதனால் தெரியவும் தெரியாது.

நடுக்காலையில் பிரேக்கை விட்டுவிட்டு, காலிப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி வளைந்து வளைந்து போகச் சொன்னேன். உடலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான். வண்டி மெதுவாகத்தான் கேட்டது. "இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ளு" என்றேன். நம்பவில்லை. ஓரளவு வேகம் வந்த பிறகு இரண்டு சக்கர வண்டியை இடப்பக்கம் சாய்க்க, ஹேண்டில்பாரைக் கணநேரம் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது புத்திக்கு எளிதில் ஏறாது. ஓட்டுபவர் எல்லோரும் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். விமானம் கட்டிய ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர்கள். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரிடம் கேட்டும், கேட்டவுடன் முழுதாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று வில்பர் ரைட் பதிவு செய்திருக்கிறார். தெரியாமல் செய்வது நிதானமான சவாரிக்குப் போதும். இரண்டு நொடிக்குள் ஒரு காரின் மூக்கைச் சுற்றி விலக வேண்டுமென்றால் தெரிந்து செய்ய வேண்டும். 200 கிலோ வண்டியில் உடலை மட்டும் சாய்த்து விலக முடியாது. கைப்பிடியைத் தள்ளிய முதல் முறை வண்டி சட்டென்று சாய்ந்ததில் அவனே திடுக்கிட்டான். நான்காவது முறை முகம் மலர்ந்துவிட்டது. எட்டு மாதமாக ஓட்டிய அதே வண்டியில் அவன் அறியாத ஒரு வண்டி இருந்தது.

சிறிய வண்டியிலேயே ஆயுளை ஓட்டு என்று சொல்கிறவன் அல்ல நான். ஹோண்டாவின் சூப்பர் கப் 1958-இல் வந்தது. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. இந்த உலகம் பெரும்பாலும் சிறிய வண்டிகளில்தான் வேலைக்குப் போய்வருகிறது, அதில் குறைவு ஏதுமில்லை. ஆனால் வண்டி போதாமல் போகும் இடங்களும் உண்மையிலேயே உண்டு. நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கியும் 80-ஐத் தாண்டாமல், பின்னால் லாரி நெருங்கிக்கொண்டே வருவது ஆபத்து. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது எஞ்சின் திணறுவது வண்டிக்கும் கெடுதல், ஓட்டுபவருக்கும் களைப்பு. பெரிய வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் பெரும்பாலும் மேலானவை. இந்தக் காரணங்களில் ஒன்றைச் சொல்லி ஒருவர் வண்டி மாற்றினால் நான் மகிழ்வேன்.

அவனுடைய காரணத்தைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டி சலித்துவிட்டது மாமா" என்றான். எங்கே சலிக்கிறது? நேர்ச்சாலையிலா, வளைவிலா? நேர்ச்சாலையில்தான் என்றான். நேர்ச்சாலையில் எந்த வண்டியும் ஒரு நாள் சலிக்கும்; 47 குதிரைத்திறனும் சலிக்கும், 120-உம் சலிக்கும், 200-உம் சலித்துப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சலிப்புக்கு மருந்து இன்னொரு எஞ்சினில் இல்லை. வளைவில் நுழையும் முன் வேகத்தைக் கச்சிதமாகக் குறைப்பது, கியரை இறக்கும்போது பின் சக்கரம் உதறாமல் எஞ்சின் சுற்றை ஈடுகட்டுவது, அரை கிளட்ச்சில் கால் ஊன்றாமல் ஒடுக்கமாகத் திரும்புவது, இவற்றில் எதுவும் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. கைவராத ஒன்று எப்படிச் சலிக்கும்? இன்னொரு காரணத்தை அவன் சொல்லவில்லை, நானாக ஊகித்தேன்: கூட ஓட்டும் நண்பர்கள் மூன்று பேரும் பெரிய வண்டிக்கு மாறிவிட்டார்கள். பின்தங்கிப் போகிறவனின் வருத்தம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக வண்டி வாங்குபவன், வாங்கிய நாளிலிருந்தே அவர்களுடைய வேகத்தில் ஓட்டுவான். என்னை அச்சுறுத்துவது அதுதான்.

ஆண்டுக்கு ஒன்றாக 150, 200, 250, 400 என்று படிப்படியாக மாறுவதே பாதுகாப்பு என்று பலர் அறிவுரை சொல்வார்கள். கேட்பதற்கு நிதானமாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்த ஐந்து மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நான்கு முறை மாற்றுபவர் நான்கு முறை புதியவர் ஆகிறார். ஒரு வண்டியில் இரண்டு ஆண்டு ஊறி, அதன் பிரேக்கையும் சாய்வையும் கடைசி வரை அறிந்து, பிறகு 40 அல்லது 47 குதிரைத்திறனுக்கு ஒரே தாவாகத் தாவுவது மேல். படியின் உயரத்தைவிட, படியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதே கணக்கு.

தாவிய பிறகும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். எனக்கு இன்று ஒரு வண்டி மாற வேண்டியிருந்தால், சாலையில் இறக்கும் முன் இதே தார்த்தளத்துக்குத்தான் கொண்டுவருவேன். 30-இலிருந்து நிறுத்துவேன், 40-இலிருந்து நிறுத்துவேன், லிவர் எந்த இடத்தில் கடிக்கிறது என்று விரலுக்குச் சொல்லிக்கொடுப்பேன். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம் சாய்க்காமல் ஓட்டுவேன். எஞ்சினின் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் மழைக்கான மோட் இருந்தால் உலர்ந்த சாலையிலும் சில வாரம் அதையே வைத்திருப்பேன். ஐந்து மாதம் யாரையும் பின்னால் ஏற்றமாட்டேன். பத்தொன்பது ஆண்டு ஓட்டியவன் இதைச் சொல்வது சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். அந்த மூன்று ஆண்டு அனுபவக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது அவனை மறுபடி கோட்டுக்கு அனுப்பினேன். இந்த முறை லிவரைத் தொட்டான், ஃபோர்க் அமிழ்ந்தது, பிறகு அழுத்தினான். டயர் சத்தமே இல்லை. 10 மீட்டர். முதல் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவே ஆறு மீட்டர். ஒரு கார் குறுக்கே தாராளமாக நிற்கும் இடம். அவன் வண்டியிலிருந்து இறங்கி, அந்த இடைவெளியைக் காலால் அளந்து நடந்தான்.

வாங்குவது பற்றி அன்று அவன் மறுபடி கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: 600 நான்கு சிலிண்டர் வேண்டாம். இந்த வண்டியில் இன்னும் ஓர் ஆண்டு. அதன் பிறகு 47-க்குள் ஏபிஎஸ் உள்ள எதை வேண்டுமானாலும் எடு, தேர்ந்தெடுக்க நானும் வருகிறேன். ஓர் ஆண்டு என்றதும் முகம் சுருங்கியது. ஆறு மாதம் என்று பேரம் பேசினான். நான் இறங்கவில்லை. அவன் கேட்பானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுடைய பணம், அவனுடைய முடிவு.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் அழைக்காமலேயே வந்து வாசலில் ஹாரன் அடித்தான். இரவு மழை பெய்திருந்தது. தளம் ஈரமாக இருந்தது, சென்ற வாரக் கோடுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஈரத்தில் எத்தனை மீட்டர் ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றான். 30-இலிருந்து தொடங்கச் சொல்லி, துணியால் தரையைத் துடைத்து, சாக்பீஸை எடுத்தேன்.